‘இது தப்பில்லை’ என்று எழுதுகிறவர்கள்

“ரெண்டு தெருப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணாத்தான் இருக்கு. எதுக்கு மஞ்சள் கோடு? முதல்ல உங்க கருவியைச் சரிபாருங்க.”

வரைபடத்தில் தெருப் பெயர்கள் பொருந்தாத இடத்தை மஞ்சளில் காட்டும் ஒரு கருவியை நான் பராமரிக்கிறேன். அதற்கு இப்படி ஒரு பின்னூட்டம், கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். படத்தில் மேலே ‘கௌதமன் தெரு’. கீழே ‘கெளதமன் தெரு’. அவர் சொன்னது சரிதான், உற்று உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் படத்தை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. பெயர்களைக் காப்பி செய்து ஒட்டி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். பிரித்துப் பார்த்தால், முதல் பெயரில் ககரத்துக்கு அடுத்து ஔகாரக் குறி ஒன்றே ஒன்று. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பைப் போட்டு, அதன் பக்கத்தில் தனியாக ஒரு ளகரம். நமக்கு இரண்டும் ஒரே பெயர். கணினிக்கு ‘கௌதமன்’ ஆறு குறியீடு, மற்றது ஏழு.

தமிழில் தட்டச்சு செய்கிற பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. விசைப்பலகையில் ஔகாரக் குறி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதைவிட, கொம்பும் ளகரமும் போட்டுவிட்டுப் போவது சுலபம். சாதாரணக் கடிதத்தில் அதனால் குடி முழுகிவிடாது. வரைபடத்தில் அப்படியில்லை. தெருவின் பெயர் என்பது தேடுகிறவர் கையில் இருக்கும் சாவி. அவர் ஒரு மாதிரித் தட்டி, வரைபடத்தில் வேறு மாதிரி பதிந்திருந்தால், தெரு அங்கேயே இருந்தும் அகப்படாது.

நான் பராமரிக்கும் இந்தச் சின்னக் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் பிரிட்டனில் தொடங்கிய, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து, நீங்கள் கட்டம் போட்டுக் காட்டும் பகுதியின் தெருப் பெயர்களை எடுக்கும். நீங்கள் தரும் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியல் இல்லையென்றால் பெயர்களைத் தங்களுக்குள்ளேயே ஒப்பிடும்: ஒரே சாலையின் அடுத்தடுத்த துண்டுகளில் எழுத்து மாறியிருக்கிறதா, வீட்டு முகவரியில் இருக்கும் தெரு பக்கத்தில் எங்காவது இருக்கிறதா, இப்படி. பொருந்தாததை மஞ்சளில் காட்டும். அவ்வளவுதான். எதையும் தானாக மாற்றாது. மாற்றும் பொத்தானே கிடையாது.

அந்தப் பொத்தானைக் கேட்டும் பலர் எழுதுகிறார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கௌதமன் விஷயத்தை முடித்துவிடலாம். கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் இயல்பாக்கம் என்று ஒரு வழி இருக்கிறது. ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகவும் பதியலாம். இயல்பாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் ளகரம் தன்னளவில் முழு எழுத்து. கொம்புக்குப் பக்கத்தில் வந்த ளகரத்தை ஔகாரமாக்கு என்று எந்த விதியும் சொல்லாது, சொல்லவும் கூடாது. ‘வெளி’யும் ‘தெளிவு’ம் என்ன ஆவது? ‘ஸ்ரீ’யிலும் இதே வம்புதான். ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் வரைகின்றன. போதாததற்கு, எழுத்துகள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும், கண்ணுக்கே தெரியாத இணைப்பு நீக்கிகள், பெயரின் வாலில் தொங்கும் வெற்றிடம்.

ஆகவே கருவியில் ஒரு வசதி சேர்த்தேன். மஞ்சள் கோட்டைத் தொட்டால் இரண்டு பெயரும் எழுத்தெழுத்தாகப் பிரிந்து கட்டங்களில் விழும். மாறுபடும் கட்டம் மட்டும் கறுப்பாகும். முதலில் எழுதிய நண்பர் அதைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை அனுப்பினார்: “அடப்பாவி!” யாரைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

இன்னொரு பின்னூட்டம், பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருப்பவர் எழுதியது. “3வது குறுக்குத் தெரு, 4வது குறுக்குத் தெரு ரெண்டையும் உங்க கருவி ‘எழுத்துப்பிழையா?’ன்னு கேக்குது. நடுவுல ஒரு மெயின் ரோடே இருக்கு சார்.” நியாயம். பெயர்கள் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க, 1965-ல் லெவென்ஷ்டைன் என்ற கணித அறிஞர் முன்வைத்த அளவைத்தான் இன்னமும் எல்லோரும் பயன்படுத்துகிறோம்: ஒரு சொல்லை இன்னொன்றாக ஆக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும், மாற்ற வேண்டும்? அந்தக் கணக்கில் 3-க்கும் 4-க்கும் தூரம் ஒன்று; கிட்டத்தட்ட ஒட்டிப் பிறந்தவை. நடந்து போகிறவருக்கு அவை வேறு வேறு தெரு. அதே கணக்கில் ‘பாரதி தெரு’வும் ‘மகாகவி சுப்பிரமணிய பாரதியார் தெரு’வும் எங்கோ எங்கோ நிற்கின்றன. உண்மையில் ஒரே தெருவின் பலகைப் பெயரும் பதிவேட்டுப் பெயருமாக அவை இருக்கலாம். ‘மூன்றாம்’ என்பதும் ‘3வது’ என்பதும் அப்படியே. இப்போது எண்களைத் தனியாகப் பிரித்து, ஒப்பிடும்போது சொல்லாக இருப்பதை இலக்கமாக்கிவிட்டு, எண் மாறினால் வேறு தெரு என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பார்சல் நண்பர் நிரல் எழுதத் தெரியாதவர். எனக்கு வந்ததிலேயே உருப்படியான நிரல் திருத்தம் அவருடையதுதான்.

கவனித்துப் பார்த்தால், பயனுள்ள பின்னூட்டம் எல்லாமே ஒரு சாயலில்தான் இருக்கிறது: “நீ காட்டுவது தப்பில்லை.” தப்பைக் கண்டுபிடிக்கத்தான் கருவி. தப்பில்லாததைத் தப்பு என்று அது சொல்லும் இடத்தைக் கருவியால் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தெருவில் நின்ற ஆள்தான் சொல்ல முடியும்.

இந்தப் பாடம் பிரிட்டனில் முன்னமே படிக்கப்பட்டதுதான். 2010 ஏப்ரலில் அந்நாட்டு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே தன் தரவுகளில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. அதில் ஓஎஸ் லொகேட்டர் என்ற சாலைப் பெயர்ப் பட்டியலும் ஒன்று. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் உடனே ஒப்பிட்டுப் பார்க்கக் கருவிகள் செய்தார்கள். விடுபட்ட பெயர்கள் ஏராளமாகக் கிடைத்தன. அதோடு, தெருவில் போய்ப் பார்த்தால் பலகை ஒன்று சொல்ல, அரசுப் பட்டியல் வேறொன்று சொல்லும் இடங்களும் கிடைத்தன. பட்டியலே தப்பு. ஆனால் கருவிக்கு அது எப்படித் தெரியும்? ஒவ்வொரு முறையும் அதே தெருவைக் கொண்டுவந்து நீட்டும். அதற்காகவே ‘நாட்-நேம்’ என்று ஒரு குறிச்சொல் வழக்கத்துக்கு வந்தது. ‘பட்டியலில் இப்படி இருக்கிறது, ஆனால் இது இந்தத் தெருவின் பெயர் இல்லை’ என்பதை வரைபடத்திலேயே எழுதி வைப்பது. எனக்கு மிகப் பிடித்த குறிச்சொல் இது. அடுத்து வருகிறவர் அதே பெயரை மறுபடி ‘திருத்தாமல்’ காப்பாற்றுகிறது.

இப்போது அந்தப் பொத்தான். “எல்லாத்தையும் ஒரே கிளிக்ல சரிபண்ண ஒரு வசதி வைங்களேன், புண்ணியமாப் போகும்” என்று மாதம் தவறாமல் யாராவது எழுதுகிறார்கள். கூடவே சிவப்பு, பச்சை வேண்டும், சதவீதம் வேண்டும், யார் அதிகம் திருத்தினார்கள் என்ற வரிசைப் பட்டியல் வேண்டும். வைக்க மாட்டேன். சிவப்பைப் பார்த்தால் மனிதக் கைக்கு அதைப் பச்சையாக்கத் தோன்றும். அதற்குச் சுருக்கு வழி பட்டியலில் இருப்பதை அப்படியே ஏற்றிவிடுவது. பலகையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். 97 சதவீதம் என்று ஓர் எண்ணைக் காட்டினால் மிச்சம் மூன்றை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று அரிக்கும். அந்த மூன்றில்தான் பட்டியல் தப்பாக இருக்கும் தெருக்கள் உட்கார்ந்திருக்கும். மேலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மொத்தமாகத் தானியங்கித் திருத்தம் செய்வதற்கென்று நடத்தை விதிகளே இருக்கின்றன. முதலில் அங்குள்ளவர்களோடு பேச வேண்டும், என்ன செய்யப் போகிறோம் என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு கிளிக்கில் முடிகிற காரியமில்லை.

“கூகுள் மேப்பில் இப்படித்தான் போட்டிருக்கு, ஆதாரம் இணைச்சிருக்கேன்” என்று வருவதும் இந்த வகைதான். அக்கறையோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் அதை எடுக்க முடியாது. இன்னொருவர் உரிமையில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்து நகலெடுத்தால், 2012 முதல் திறந்த தரவுத்தள உரிமத்தில் இருக்கும் இந்த வரைபடத்தின் அடிப்படையே ஆட்டம் காணும். சில வரைபடங்களில் நகலெடுப்பவரைப் பிடிப்பதற்காக இல்லாத தெருவையே வரைந்து வைக்கும் பழக்கமும் உண்டு. பலகையின் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள், அது போதும்.

பெயரே இல்லாத தெரு தனி ரகளை. கருவி ‘பெயர் இல்லை’ என்று காட்டியதும், சில நல்லவர்கள் பெயர் இடத்தில் ‘பெயர் இல்லை’ என்றே எழுதிவிடுகிறார்கள்! கருவிக்குப் பரம திருப்தி. வரைபடத்தில் ‘பெயர் இல்லை’ என்ற பெயரில் ஒரு தெரு உதயமாகிவிடும், யாராவது அந்த முகவரிக்குக் கடிதம்கூடப் போடுவார்கள். பெயர் கிடையாது என்று நிச்சயமாகத் தெரிந்தால், பெயர் இடத்தைக் காலியாக விட்டு, ‘நோ-நேம்’ என்ற குறிச்சொல்லுக்கு ஆம் என்று போட வேண்டும். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியில் தெருவில் நின்றபடியே இதைச் செய்யலாம். கேள்வி கேட்கும், பதில் சொன்னால் குறிச்சொல்லை அதுவே போட்டுக்கொள்ளும்.

பழைய பெயருக்காகச் சண்டை போடுகிறவர்களும் உண்டு. பெயர் மாற்றப்பட்ட தெரு. பலகை புதிது, வாய் பழையது. “இங்க யாருமே அந்தப் பேரைச் சொல்றதில்ல” என்பார்கள். நிஜமாகவும் இருக்கும். அதற்கு ‘ஓல்ட்-நேம்’ இருக்கிறது, இன்னும் புழக்கத்தில் இருந்தால் ‘ஆல்ட்-நேம்’ இருக்கிறது. இரண்டிலும் போட்ட பெயரைத் தேடினாலும் தெரு கிடைக்கும். முக்கியப் பெயர் பலகையில் உள்ளதாகவே இருக்கட்டும். கருவி இப்போது எல்லாப் பெயர்களையும் சேர்த்துத்தான் ஒப்பிடுகிறது. ஒன்றில் பொருந்தினாலும் மஞ்சள் வராது.

“திருத்திட்டேன், இன்னும் மஞ்சளாவே இருக்கு. கருவி செத்துப்போச்சா?” இதுதான் எண்ணிக்கையில் முதலிடம். திருத்தம் வரைபடத் தரவில் உடனே ஏறிவிடும். நான் தரவு எடுக்கும் ஓவர்பாஸ் சேவைக்கு அது வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும். என் பக்கத்திலும் ஒரு நகல் சேமிப்பு. பொறுமை இல்லாதவர் மறுபடி திருத்துவார், மூன்றாம் முறை பெயரின் கடைசியில் ஒரு வெற்றிடம் சேர்த்துப் பார்ப்பார், அது ஒரு புது மஞ்சளாக முளைக்கும். ஓவர்பாஸ் தரும் ஒவ்வொரு பதிலிலும் தரவு எந்த நேரத்தது என்ற குறிப்பு வரும். அதை அப்படியே பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் போட்டேன். புகார் பாதியாகக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மீதிப் பேர் உச்சியைப் பார்ப்பதில்லை.

எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அந்தத் தெருவின் இணைப்பை அனுப்புங்கள், பெயரை எழுத்தாக ஒட்டுங்கள், பலகை இருந்தால் படம். உங்கள் தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் வேண்டாம். கேட்காமலே அனுப்பிவிடுகிறீர்கள், பார்த்ததும் நீக்கிவிடுகிறேன்.

இன்னும் பதில் சொல்லாமல் வைத்திருப்பது ஒன்று உண்டு. ஒரு தெரு, இரண்டு முனையிலும் பலகை. ஒரு முனையில் ‘சிதம்பரனார் தெரு’, மறுமுனையில் ‘சிதம்பரணார் தெரு’. படம் இரண்டும் தெளிவு. எது முக்கியப் பெயர், எது மாற்றுப் பெயர்? எழுதியவர் மூன்று சுழி ணகரத்தைப் பெயின்டரின் கைப்பிழை என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் பலகையில் உள்ளதே பெயர் என்று இவ்வளவு நேரம் வாதாடிய நான், ஒரு பலகையை மட்டும் தள்ளிவைக்க என்ன காரணம் சொல்வது? தெருவாசிகள் தங்கள் முகவரியில் எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை மஞ்சளாகவே கிடக்கட்டும்.