பொத்தானை அழுத்தினால் ஒன்றுமில்லை: வெள்ளவத்தை மேசைக் குறிப்புகள்

8 மார்ச் 2025, சனி

மேசைக்கு வந்திருப்பது: ரைசன் 5 5600 ப்ரொசெசர், பாவித்த பி450 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்ட் (சின்ன அளவு, இனி போர்ட்), 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்ட், 550 வாட் பவர் சப்ளை, பெரிய ஏடிஎக்ஸ் கேசிங். கட்டிய தம்பிக்கு இதுதான் முதல் கணினி. அவர் சொன்னது ஒரே வசனம்: "அண்ணை, வேலை செய்யுதில்லை."

அந்த வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாகம் மாற்றத் தொடங்கினால் காசுதான் கரையும். அழுத்தினால் அசைவே இல்லையா? காற்றாடி ஒரு விநாடி சுழன்று நிற்கிறதா? எல்லாம் சுழன்றும் படம் வரவில்லையா? மூன்றும் மூன்று நோய், தேடும் இடமும் வேறு வேறு. இங்கே அசைவே இல்லை. ஆகவே ரேம், கார்ட் எதையும் தொடாமல் சுவரிலிருந்து தொடங்க வேண்டும்.

சுவரிலேயே ஒரு பிழை கிடைத்தது. பவர் சப்ளையோடு வந்த வயரின் நுனியில் ஐரோப்பிய உருண்டைக்கால் பிளக். வீட்டில் இருப்பது 13 ஆம்பியர் சதுரத் துளை. மேல் துளைக்குள் பேனை மூடியை விட்டு, உள்ளே இருக்கும் கதவைத் திறந்து, உருண்டைக் கால் இரண்டையும் செருகியிருக்கிறார். போன் சார்ஜரை இப்படி ஏற்றுவது கொழும்பில் புதினம் இல்லை. கணினிக்கு ஆகாது, ஏனென்றால் ஏர்த் எங்கும் தொடுவதில்லை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேசிங்குக்கு ஒவ்வொரு சிறு கப்பாசிற்றர் போகிறது. ஏர்த் இல்லாதபோது கேசிங் 230 வோல்ட்டின் பாதியில் மிதக்கும். மீற்றரில் கேசிங்குக்கும் சுவர் ஏர்த்துக்கும் இடையே 108 வோல்ட் காட்டியது. ஆளைச் சாய்க்கும் கரண்ட் அதில் இல்லை, ஆனால் முழங்கை பட்டால் சுள்ளென்று இருக்கும். எச்டிஎம்ஐ வயரைச் செருகும் நேரத்தில் அதே பொறி போர்ட்டுக்குள் பாயவும் கூடும்.

பியூஸ் உள்ள 13 ஆம்பியர் பிளக் வயர் ஒன்று மாற்றினேன். செருகுமுன் பியூஸில் மீற்றரை வைத்துத் தொடர்ச்சி பார்த்தாயிற்று. ஏர்த் ஒழுங்காக இருந்தால் இந்தக் கசிவு ஒருசில மில்லிஆம்பியர்தான், வீட்டின் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிச் அதற்கு விழாது.

பவர் சப்ளையின் முதுகில் சிவப்புத் தள்ளு சுவிச் இல்லை, நல்லது. மலிவான பழைய ரகங்களில் 115/230 என்று ஒன்று இருக்கும். அதை 115 இல் விட்டு நம்முடைய கரண்டைக் கொடுத்தால் 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான்.

முதுகுச் சுவிச் வட்டத்தில் இருந்தது. வட்டம் என்றால் ஓஃப். கோட்டுப் பக்கம் தள்ளியதும் போர்ட்டின் ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. முன்பக்கப் பொத்தானை அழுத்தினால் இன்னும் ஒன்றுமில்லை.

9 மார்ச், ஞாயிறு

அந்தச் சின்ன விளக்கைப் பெரிதாக நம்பக்கூடாது. கணினி ஓஃப் ஆக இருக்கும்போதும் பவர் சப்ளை ஊதா வயரில் 5 வோல்ட் கொடுத்தபடி காத்திருக்கும். விளக்கு எரிவது அதில்தான். பொத்தான் அழுத்தப்பட்டதும் போர்ட் பச்சை வயரைத் தரைக்கு இழுக்கும், அப்போதுதான் 12, 5, 3.3 வோல்ட் கிளம்பும். அவை நிலைத்தபின் 100 முதல் 500 மில்லிவிநாடிக்குள் பவர் சப்ளை சாம்பல் வயரில் 'எல்லாம் சரி' என்று தெரிவிக்கும். அதற்குப் பிறகுதான் ப்ரொசெசர் கண் விழிக்கும். இந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

பவர் சப்ளையைத் தனியே சோதித்தேன். எல்லா வயரையும் போர்ட்டிலிருந்து கழற்றி, கேசிங் காற்றாடி ஒன்றை மட்டும் அதில் பூட்டினேன். சுவர்ச் சுவிச்சை ஓஃப் ஆக்கிய பிறகு 24 பின் பிளக்கில் 16 ஆவது துளையையும் பக்கத்தில் உள்ள கறுப்பு வயர்த் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். பூட்டுக்கொக்கி உள்ள வரிசை 13 இல் தொடங்குகிறது, அதில் நான்காவது அந்த 16. இப்போதெல்லாம் எல்லா வயரும் கறுப்பாகவே வருவதால் நிறத்தை நம்பாமல் எண்ண வேண்டும். சுவிச்சைப் போட்டதும் காற்றாடி சுழன்றது. மீற்றரில் 12.11, 5.06, 3.34. ஐந்து வீதம் ஏற்ற இறக்கம் அனுமதி: 12 க்கு 11.40 முதல் 12.60 வரை, 5 க்கு 4.75 முதல் 5.25 வரை. சுமை இல்லாமல் எடுத்த அளவு என்பதால் இது முழுச் சான்றிதழ் இல்லை, செத்த சப்ளை இல்லை என்று மட்டும் சொல்லலாம். சந்தேகம் வந்தாலும் சப்ளையின் பெட்டியைத் திறக்கவேண்டாம். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிற்றரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

அடுத்தது பொத்தான். போர்ட்டின் கீழ் மூலையில் ஒன்பது பின் கொண்ட இரட்டை வரிசை. பின் இல்லாத மூலையைப் பத்தாவது என்று வைத்துக்கொண்டால் அந்த வரிசையில் 2, 4 பவர் விளக்கு, 6, 8 பவர் சுவிச். எதிர் வரிசையில் 1, 3 டிஸ்க் விளக்கு, 5, 7 ரீசெற். பெரும்பாலான போர்ட்டில் இப்படித்தான், ஆனாலும் கையேட்டில் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் 6 ஐயும் 8 ஐயும் ஒரு கணம் தொட்டேன். காற்றாடிகள் எழும்பின. பவர் சுவிச் வயர் ஒரு பின் தள்ளி, 4 இலும் 6 இலும் ஏறியிருந்தது. சுவிச்சுக்கு நேர், எதிர் பார்க்கத் தேவையில்லை. விளக்குகளுக்குத் தேவை, மாறினால் எரியாது, கெடாது.

ஆனால் எழும்பிய காற்றாடி ஒரு விநாடியில் நின்றது. மறுபடி சுழன்று மறுபடி நின்றது. முதல் நோய் தீர்ந்து இரண்டாவது வந்திருக்கிறது.

10 மார்ச், திங்கள்

சுழன்று நின்று சுழல்வது பெரும்பாலும் எங்கோ ஒரு ஷோர்ட், அல்லது ப்ரொசெசருக்கான 12 வோல்ட் இல்லாதது. இரண்டாவதைப் பார்ப்பது சுலபம். போர்ட்டின் மேல் இடது மூலையில் 8 பின் பிளக். சரியாக ஏறியிருந்தது. (இங்கே போகவேண்டியது 4+4 ஆகப் பிரியும் பிளக். 6+2 ஆகப் பிரிவது கிராபிக்ஸ் கார்ட்டுக்கு. இரண்டிலும் 12 வோல்ட்டும் தரையும் எதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. துளைகளின் வடிவம் தடுக்கும், ஆனால் பலம் போட்டுத் தள்ளுகிறவர்கள் உண்டு.)

ஆகவே போர்ட்டை வெளியே எடுத்தேன். போர்ட் வந்த மட்டைப் பெட்டியின் மேல் வைத்து, ப்ரொசெசர், கூலர், ஒரு ரேம், கார்ட், பவர் சப்ளை மட்டும். சாம்பல் நிற அன்டிஸ்டாற்றிக் பையின் மேல் வைக்கக்கூடாது, அதன் வெளிப்பக்கம் கரண்ட் கடத்தக்கூடும். 6, 8 ஐத் தொட்டதும் சுழன்றது, நிற்கவில்லை. போர்ட் பிழையில்லை, கேசிங்தான் பிழை.

கேசிங்கின் தட்டில் போர்ட்டைத் தாங்கும் ஒன்பது பித்தளைக் கால்கள் இருந்தன, முழு ஏடிஎக்ஸ் போர்ட்டுக்குப் போட்டபடி. இந்தச் சின்னப் போர்ட்டில் அந்தளவு துளை இல்லை. துளையில்லாத இடத்தில் நின்ற ஒரு கால், போர்ட்டின் முதுகில் ஈயம் வைத்த இரண்டு முனைகளை அழுத்திக்கொண்டு நின்றது. முதுகில் வட்டமாக ஒரு கீறலும் இருந்தது. பவர் சப்ளை தன்னைத்தானே நிறுத்திக்கொண்டதால்தான் போர்ட் தப்பியது. போர்ட்டை இறக்குமுன் ஒரு தாளை அதன் முதுகில் வைத்துத் துளைகளைக் குறித்து, அந்தத் தாளைத் தட்டின் மேல் விரித்தால் வேண்டாத கால் எது என்று இரண்டு நிமிடத்தில் தெரியும்.

11 மார்ச், செவ்வாய்

காற்றாடிகள் நிற்காமல் சுழல்கின்றன, படம் இல்லை.

மொனிற்றர் வயர் போர்ட்டின் எச்டிஎம்ஐயில் இருந்தது. 5600 க்குள் படம் வரைகிற பகுதி கிடையாது, 5600ஜி இல் உண்டு. இன்டெலில் 12400எஃப் போல எஃப் என்று முடிபவையும் இப்படித்தான். போர்ட்டில் வாய் இருப்பது வேறு, அதன் பின்னால் ஏதாவது இருப்பது வேறு. வயரைக் கார்ட்டுக்கு மாற்றினேன், கார்ட்டின் 8 பின்னையும் பார்த்தேன். இன்னும் கறுப்பு.

போர்ட்டில் நான்கு சின்ன விளக்குகள்: சிபியு (ப்ரொசெசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கார்ட்), பூட் (டிஸ்க்). துவங்கும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணைய வேண்டும், எதில் நிற்கிறதோ அங்கே சிக்கல். இங்கே சிபியு விளக்கு எரிந்தபடியே இருக்கிறது. இந்த விளக்கு சில வேளை ரேம் சிக்கலுக்கும் எரியும் என்பதால் ரேமை முதலில் முடித்தேன். ஒற்றை ரேம், ப்ரொசெசரிலிருந்து இரண்டாவது துளையில். வெறும் அழுத்து போதாது, இரு முனையிலும் கட்டைவிரலால் தள்ளி 'கிளிக்' கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள போர்ட்டில் கொக்கி இல்லாத முனைதான் அரைகுறையாக நிற்கும். கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற வீட்டில் பாவித்த ரேமின் தங்கப் பற்களில் மங்கல் படிந்திருக்கும். வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் எடுத்தேன். மற்ற ரேமாலும் முயற்சித்தேன். மாற்றமில்லை.

சீமோஸ் அழித்தல், அதாவது போர்ட் நினைவில் வைத்த அமைப்புகளைத் துடைப்பது: சுவரில் ஓஃப், வயரைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை இறக்கி, சிஆர்2032 பற்றரியை ஐந்து நிமிடம் வெளியே வைத்தேன். பற்றரியில் 3.02 வோல்ட், நல்லது. மாற்றமில்லை.

பிறகு ஒரு சின்னச் சோதனை, பலர் செய்யாதது. நான்கு பின்னில் பூட்டும் குட்டி ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி, ரேம் ஒன்றும் இல்லாமல் இயக்கினேன். ப்ரொசெசரும் பயோஸும் (கணினியைத் துவக்க போர்ட்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) உயிரோடு இருந்தால் 'ரேம் எங்கே' என்று போர்ட் கத்த வேண்டும். கத்தவில்லை. அதாவது பயோஸின் முதல் சில வரியைக்கூட ப்ரொசெசர் ஓட்டவில்லை. ரேமும் கார்ட்டும் சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விட்டன. மிச்சம்: ப்ரொசெசர், போர்ட், இரண்டுக்கும் இடையிலான பேச்சு.

12 மார்ச், புதன்

கூலரை நேராக மேலே இழுத்தால் ஏஎம்4 இல் (இந்த ப்ரொசெசரின் துளை வகை) ப்ரொசெசரும் பூட்டியிருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு வரும். இரண்டுக்கும் இடையே வெப்பம் கடத்தப் பூசிய பேஸ்ட் பசை போலப் பிடித்திருக்கும். வழக்கமாகக் கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டுக் கழற்றுவது. இது ஓடாத கணினி, ஆகவே ஹெயார் ட்ரையர் இரண்டு நிமிடம், பிறகு கூலரை இடமும் வலமும் திருகித் திருகி எடுத்தேன். 1331 பின்களையும் வெளிச்சத்தில் சாய்த்து வரிசை வரிசையாகப் பார்த்தாயிற்று. ஒன்றும் வளையவில்லை.

கண்டுபிடிப்பு அதற்குப் பிறகு, ஒரு ஸ்டிக்கரில். பி450 வெளிவந்தது 2018. 5600 வந்தது 2022. பயோஸ் சிப்பின் மேல் ஒட்டியிருந்த பதிப்பு எண்ணைத் தயாரிப்பாளரின் ப்ரொசெசர் பட்டியலோடு ஒப்பிட்டால், 5600 க்குத் தேவையான ஆகக்குறைந்த பதிப்பை விட அது மிகவும் பழையது. துளை ஒன்றுதான், பின் எண்ணிக்கையும் ஒன்றுதான், ஆனால் இந்தச் சிப்பைப் போர்ட் கேள்விப்பட்டதே இல்லை. பாவித்த போர்ட் வாங்கும்போது கேட்க வேண்டியது விலையை மட்டுமல்ல, அதில் கடைசியாக ஓடிய ப்ரொசெசர் எது என்பதையும்.

இந்தப் போர்ட்டின் பின்பக்கத்தில் பயோஸ் பிளாஷ் பொத்தான் உண்டு. ப்ரொசெசர், ரேம் எதுவும் இல்லாமலே வேலை செய்யும். போர்ட்டின் மாதிரிப் பெயரை எழுத்துக்கு எழுத்துப் பார்த்துக் கோப்பை இறக்கி, ஸிப் ஆகச் சுருக்கிய கோப்பை விரித்து, கையேடு சொல்லும் பெயருக்கு மாற்றி, பாற்32 ஆக போர்மற் செய்த ஒரு சின்ன யூஎஸ்பியில் அதை மட்டும் வைத்தேன். கூடிய கொள்ளளவு யூஎஸ்பியைச் சில போர்ட் படிக்காது. 24 பின், 8 பின் இரண்டும் பூட்டியிருக்க வேண்டும். யூஎஸ்பி போக வேண்டியது குறியிட்ட அந்த ஒரு வாயில் மட்டும். பொத்தானை அழுத்தியதும் பக்கத்து விளக்கு மின்னத் தொடங்கியது, ஆறு நிமிடத்தில் நின்றது. மின்னும்போது கரண்ட் போனால் பயோஸ் பாதியில் நிற்கும். மார்ச் மாதத்துப் பின்னேர இடிமழைக்கு முன், காலையிலேயே யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்தது அதனால்தான். ஐந்து விநாடியில் விளக்கு நிரந்தரமாக எரிந்தால் கோப்பை அது ஏற்கவில்லை: பெயர் அல்லது போர்மற் பிழை.

பொத்தான் இல்லாத போர்ட் என்றால் பழைய ரைசன் ஒன்றை, 2600 போல, இரவல் வாங்கிப் போட்டுத்தான் புதுப்பிக்க வேண்டும். இன்னொன்று: பி450 போர்ட்கள் சிலவற்றில் புதிய பயோஸ் இடமில்லாமல் மிகப் பழைய சிப்களைக் கைவிட்டுவிடும்.

புதுப் பேஸ்ட், பட்டாணி அளவு. கூலரின் நான்கு திருகாணியும் குறுக்கு மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக. 6, 8 ஐத் தொட்டேன். சிபியு அணைந்தது, டிராம் எரிந்து அணைந்தது, விஜிஏ, பிறகு மொனிற்றரில் எழுத்து.

13 மார்ச், வியாழன், போயா

கேசிங்குக்குள் திரும்பப் பூட்டினேன், சரியான கால்களோடு. இரண்டு ரேமும் இரண்டாவது, நான்காவது துளைகளில். பயோஸில் 16 ஜிபி தெரிகிறது, வேகம் 2400. பெட்டியில் எழுதியிருக்கும் 3200, பயோஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை ஓன் செய்தால்தான் வரும். முதலில் 2400 இல் ஓட்டிப் பார்ப்பது, பிறகு ஏற்றுவது. இரண்டையும் ஒரே தடவையில் செய்தால் தொங்கும்போது காரணம் தெரியாது.

டிஸ்க் ஒன்று தெரியவில்லை. எம்.2 (போர்ட்டிலேயே செருகும் சின்ன டிஸ்க்) போட்டதும், வயரால் டிஸ்க் பூட்டும் சாற்றா வாய்களில் சிலதை இந்தப் போர்ட் மூடிவிடும். வயரை வேறு வாய்க்கு மாற்றியதும் தெரிந்தது.

யூபிஎஸ்: பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கின் புண்ணியத்தில் நாடே இருண்ட பிறகு தம்பி வாங்கிய 650 விஏ. அது ஏறக்குறைய 360 வாட். 65 வாட் ப்ரொசெசர், 132 வாட் கார்ட், மொனிற்றரோடு அதற்குள் அடங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவர்ச் சுவிச்சை நிறுத்திப் பார்த்தேன். கணினி அணையவில்லை. மலிவான யூபிஎஸ் தரும் சதுர அலையைச் சில பவர் சப்ளை ஏற்காது, அதை இப்போதே பார்ப்பது நல்லது.

இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86, 3200 இல், நான்கு சுற்று. காலை ஆறரைக்குப் பிழை 0. கழற்றிய பித்தளைக் காலைச் சின்னப் பையில் போட்டுக் கேசிங் மட்டைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பெரிய போர்ட் வாங்கினால் தம்பிக்குத் தேவைப்படும்.