முதலில் எடுத்தது யார்?

திருகோணமலையில் நான் சட்டத்தரணியாக வேலை தொடங்கிய காலத்தில், கட்சிக்காரர் என்றால் கக்கத்தில் ஒரு ஃபைல் இருக்கும். உறுதி, பழைய முறைப்பாட்டின் பிரதி, யாரோ ஒரு எம்பி கொடுத்த சிபாரிசுக் கடிதம், நடுவில் ஒரு திருநீற்றுப் பொட்டலம். இப்போது வருகிறவர்கள் கதிரையில் உட்கார முன்னமே போனை நீட்டுகிறார்கள். "எல்லாம் இதுக்குள்ள இருக்கு மிஸ், பாருங்கோ."

காணிப் பிரச்சினை என்றால் அந்தப் போன் பெரிதாக உதவாது. காணி கைமாறும் உறுதி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும் என்று 1840இல் போட்ட கட்டளைச் சட்டம் இன்றும் அசையாமல் நிற்கிறது. இலத்திரனியல் ஆவணங்களுக்குச் செல்லுபடி கொடுத்த 2006ஆம் ஆண்டுச் சட்டமும் காணி விற்பனை, மரணசாசனம், தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அற்றோணித் தத்துவம் ஆகியவற்றை வெளியே வைத்துவிட்டது. "சரி அண்ணே, காணி உங்களுக்குத்தான்" என்று வட்ஸ்அப்பில் வந்த செய்தி, முற்பணம் கொடுத்ததைக் காட்ட உதவலாம். காணியைத் தராது.

ஊர்ப் பிரச்சினைகள்தான் வேறு மாதிரி. கிண்ணியாப் பக்கத்து நானா ஒருவர் மணல் ஏற்றும் வீடியோ ஒன்றைக் கொண்டுவந்தார். மகாவலி கடலோடு சேருகிற எங்கள் பக்கத்தில் மணல் என்பது எப்போதும் பணமும் சண்டையும்தான். வீடியோவில் இரவு. டிப்பரின் பின் விளக்கு, இயந்திரச் சத்தம், எடுப்பவருக்குப் பக்கத்தில் நின்ற யாரோ "நம்பர எடு, நம்பர எடு" என்று அடிக்குரலில் சொல்வது கேட்கிறது. நம்பர் தகட்டில் கடைசி இரண்டு இலக்கங்களும் சேற்றில் மறைந்திருந்தன. வீடியோவுக்கு மேலே, பல கை மாறி வந்ததைக் காட்டும் அந்த இரட்டை அம்புக்குறி.

"நல்லது நானா. இதை முதலில் எடுத்தது யார்?"

"அது எல்லாருக்கும் வந்தது மிஸ்."

"எல்லாருக்கும் வந்தது சரி. எடுத்தது ஒருவர்தானே?"

அவர் போனை வாங்கி, வீடியோவை மறுபடி ஓடவிட்டார். பதில் அதற்குள் இருப்பதுபோல.

நீதிமன்றத்துக்குத் தேவையான கேள்வி அதுதான். இப்படியான பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வட்ஸ்அப் பிறப்பதற்கு முன் எழுதிய சட்டம் என்றாலும் மோசமான சட்டமில்லை. விசாரணைக்குக் குறித்த திகதிக்கு 45 நாள் முன்னதாக மறுதரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவர்கள் கேட்டால் பதிவையும் கருவியையும் பார்வையிட விட வேண்டும். பதிவில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கும் சாட்சியம் வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர், எடுத்தவர் அல்லது கூட நின்றவர். பத்தாவது ஆளாக அதைப் பகிர்ந்தவர் சாட்சிக் கூண்டில் ஏறினால் முதல் குறுக்குக் கேள்வியோடு இறங்கிவிட வேண்டியதுதான். வட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி அனுப்புவதால் எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்களும் வழியில் போய்விடுகின்றன. அதனால் இப்போது வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்: எடுத்த போனை விற்காதீர்கள், மூலத்தை அழிக்காதீர்கள், அனுப்புவதென்றால் டொக்யுமென்ட்டாக அனுப்புங்கள்.

போன் பிரச்சினை சின்னப் பிரச்சினை. எடுத்தவர் வரமாட்டார் என்பதுதான் பெரிது. ஊரே பார்த்த வீடியோவுக்கு ஊரில் ஒரு சாட்சி இல்லை. இதைக் கோழைத்தனம் என்று சொல்லும் இளம் சட்டத்தரணிகளுக்கு நான் இந்த ஊரின் கதை ஒன்றைச் சொல்வதுண்டு.

2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்துவிட்டது என்று முதலில் சொல்லப்பட்டது. சுடரொளி நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. குண்டு வெடித்த கதை அதோடு முடிந்தது. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் இதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்களில் ஒருவரின் தந்தை வைத்தியர் மனோகரன், மிரட்டல்களுக்குப் பிறகு நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் எங்கள் நீதவான் நீதிமன்றத்திலேயே விடுவிக்கப்பட்டார்கள். படம் இருந்தது, எடுத்தவர் பெயரும் இருந்தது. அந்தப் பெயருக்கு என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியும். அதைத் தெரிந்தவர்களிடம் போய் "நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று ஒரு சத்தியக்கடதாசி தாருங்கள்" என்று கேட்பது லேசான வேலையல்ல.

பெயரில்லாமல் பேசும் வசதி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதே வசதி மறுபக்கமும் போகிறது. முன்பு ஒரு செய்தி தப்பாக வந்தால் பத்திரிகையின் ஆசிரியருக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு விலாசம், ஒரு மேசை, பயப்படவோ வாதாடவோ ஒரு மனிதர் இருப்பார். இப்போது ஊர்ப் பெயரோடு ஓடுகிற முகநூல் பக்கம் ஒன்று, ஒரு ஆசிரியையின் படத்தைப் போட்டு வாய்க்கு வந்ததை எழுதுகிறது. கடிதத்தை யாருக்கு அனுப்புவது? குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது. அது நல்ல காரியம். குடியியல் வழக்குப் போடலாம், ஆனால் வழக்குக்கு எதிராளி வேண்டும். பக்கத்தை நடத்துபவர் டோஹாவில் இருக்கிறாரா, அடுத்த ஒழுங்கையில் இருக்கிறாரா என்று கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பிள்ளை இடமாற்றம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

இதற்கெல்லாம் மருந்து என்று வந்ததுதான் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு, எது பொய்க்கூற்று என்று பார்த்து நீக்கச் சொல்லும் அதிகாரம், சிறைத்தண்டனை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்தச் சட்டத்தால் முதலில் வாய் மூடப்போவது மணல் வீடியோ எடுத்தவர்தான். டோஹாக்காரர் இல்லை. 2006 ஜனவரியில் இப்படியொரு ஆணைக்குழு இருந்து, அரசின் முதல் அறிக்கையே உண்மை என்று எடுத்துக்கொண்டிருந்தால், அந்தப் படங்கள்தான் பொய்க்கூற்று ஆகியிருக்கும். பெயர் கொடுக்கிறவரைக் காப்பதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. சாட்சி வேறிடத்தில் இருந்து காணொளி இணைப்பில் சாட்சியம் சொல்லலாம் என்று 2015இன் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டமே சொன்னது. இணையத்தை நீதிமன்றத்துக்குள் கொண்டுவர அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. அந்த வாசலை மெல்லத்தான் திறக்கிறார்கள்.

அடைப்பதில் மட்டும் வேகம். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது, 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின், அரசுக்கெதிரான போராட்டங்கள் நடந்த 2022 ஏப்ரல் 3ஆம் திகதி என்று சமூக ஊடகங்களை நிறுத்தினார்கள். கடைசித் தடவை ஒரு நாள்கூட நிற்கவில்லை. தடையைச் சுற்றிப் போகவிடும் விபிஎன் இருக்கும்போது இந்தத் தடையெல்லாம் வேலைக்காகாது என்று அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே விபிஎன் வழியாக எழுதினார்! அடுத்த மாதம் அவருடைய தந்தை மஹிந்த பிரதமர் பதவியை விட்டு இங்கே கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தபோது, செய்தி போனில் பரவி, தளத்துக்கு வெளியே ஆட்கள் திரண்டுவிட்டார்கள். யாரும் தலைவர் இல்லை, யாரும் அழைப்பு விடுக்கவில்லை. சேர்ந்த வேகத்தில் கலைந்தும் போனார்கள். கூட்டம் சேர்ப்பது இணையத்துக்குச் சுலபம். மூன்று மாதம் கழித்து ஒரு வழக்குத் தவணைக்கு வரச் சொன்னால்தான் தெரியும்.

நானாவின் மணல் விசயத்துக்குக் கடைசியில் கைகொடுத்தது வீடியோ அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரஜை எவரும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் சொல்ல வேண்டும். இன்ன இடத்தில் மணல் அள்ள யாருக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தீர்கள், எத்தனை கியூப், எந்தத் திகதி வரை? மூன்றே கேள்வி. ஆனால் விண்ணப்பத்திலும் ஒரு பெயர் எழுத வேண்டும். மறுபடி அதே இடத்தில் வந்து நின்றோம்.

வழி கண்டுபிடித்தது அந்த ஊர்ப் பெண்கள். வட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒருத்தர் பெயர் போட்டால்தானே பயம், எல்லாரும் போட்டால்? நான் எழுதிக் கொடுத்த கேள்விகளை அப்படியே குழுவில் போட்டார்கள். ஒவ்வொருவரும் தன் கையெழுத்தில், தன் பெயரில், தனித்தனியாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். தமிழ் வீடுகள், முஸ்லிம் வீடுகள் இரண்டிலிருந்தும். 2018இல் இங்கே ஒரு பாடசாலைக்கு முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவது பற்றி எழுந்த விவகாரத்தின்போது இதே போன்ற குழுக்களில் ஒருவரையொருவர் என்னென்ன எழுதினார்கள் என்று நினைத்தால் இது எனக்குச் சின்ன விசயமாகத் தெரியவில்லை. ஒருவர் தபால் பற்றுச்சீட்டைப் படமெடுத்துக் குழுவில் போட்டதும், போடாதவர்களுக்கு ரோசம் வந்துவிட்டது.

இரண்டாம் கிழமை, விண்ணப்பங்கள் போன அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு அழைப்பு. தகவல் அலுவலர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"மிஸ், எல்லாத்திலயும் ஒரே கேள்விதானே. ஒருத்தருக்குப் பதில் அனுப்பினால் போதாதா?"

போதாது என்றேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில், தனித்தனிக் கடிதமாக வர வேண்டும் என்றேன்.