தலைகீழாகப் பறக்கப் படிக்கிறேன்

பிப்ரவரி 4

விமானத்தில் குட்டிக்கரணம் போடக் கற்றுத்தரும் பத்து மணி நேர ஏரோபாட்டிக் பயிற்சிக்கு இன்று பெயர் கொடுத்துவிட்டேன். விமானி உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இதுவரை நூற்றுப் பத்து மணி நேரம் பறந்திருக்கிறேன். அதில் ஒரு நொடி மட்டும் என்னை விடுவதாக இல்லை. போன நவம்பரில் தரையிறங்கத் திரும்பும்போது, இறக்கை தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று சொல்லும் ஸ்டால் எச்சரிக்கை அலறியது. மூக்கைத் தாழ்த்தவேண்டிய நேரம் அது. என் கை, மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியான ஸ்டிக்கை இன்னும் தன் பக்கம் இழுத்தது. எப்படியோ பிழைத்தேன். அந்தக் கையை நம்பி இனிமேல் யாரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பறக்க எனக்கு மனமில்லை.

அம்மா கேட்டாள்: "விமானத்தை நேராகப் பறக்கத்தானே செய்திருக்கிறார்கள்? நீ எதற்குத் தலைகீழாகப் போகவேண்டும்?" நியாயமான கேள்வி. பதில் கிடைத்ததும் முதலில் அவளிடம்தான் சொல்லவேண்டும்.

பிப்ரவரி 9

இன்று பறக்கவில்லை. தரையிலேயே இரண்டு மணி நேரப் பாடம். பாராசூட்டை மாட்டிக்கொண்டு, கதவைத் தள்ளி வெளியேறுவதைப் பன்னிரண்டு முறை ஒத்திகை பார்த்தோம். பிறகு ஆசிரியர் பைகளைக் காலிசெய்யச் சொன்னார். சாவி, பேனா, இரண்டு நாணயங்கள் எல்லாம் மேசைக்குப் போயின. தலைகீழாகும்போது நழுவும் ஒரு பேனா, மூக்கை இடவலமாகத் திருப்பும் சுக்கானின் கால்மிதிக்கு அடியில் சிக்கினால் போதும், கதை முடிந்துவிடும்.

பாடத்தில் மனதில் தங்கியது இது. ஸ்டால் என்பதை நான் இத்தனை நாளும் ஒரு வேகமாகவே நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு கோணம். எதிர்க்காற்றை இறக்கை ஓர் அளவுக்கு மேல் சாய்வாகச் சந்தித்தால் தூக்குவிசை குலைந்துவிடும். எந்த வேகத்திலும், மூக்கு எந்தத் திசையைப் பார்த்தாலும் அது நடக்கலாம். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் இறக்கைகள் இருமடங்கு எடையைச் சுமக்கின்றன. ஸ்டால் ஆகும் வேகம் 41 சதவீதம் ஏறிவிடுகிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த எண்தான். இன்றைக்குத்தான் அது புரிந்தது.

பிப்ரவரி 11

முதல் ரோல், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் ஒரு முழுச் சுற்று உருட்டுவது. மூக்கைத் தொடுவானத்துக்கு மேலே தூக்கி, அங்கே ஒரு கணம் நிறுத்தி, ஸ்டிக்கை முழுவதுமாக இடப்பக்கம் சாய்க்கவேண்டும். பூமி தலைக்கு மேல் எழும்பி, மறுபக்கம் இறங்கியது. அந்தக் கணத்தில் காக்பிட்டின் தரையிலிருந்து மண்துகள்கள் மெல்ல மேலெழுந்து என் முகத்துக்கு முன்னால் மிதந்தன. யாருடைய செருப்பில் ஒட்டி வந்த மண்ணோ. அவை வெயிலில் மின்னியதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஐந்தாவது ரோலில் குமட்டல் வந்தது. சொன்னதும் ஆசிரியர் உடனே நிறுத்திவிட்டார். "அடக்கிக்கொண்டு தொடர்ந்தால் உடம்பு இதை விஷம் என்று கற்றுக்கொள்ளும். நேராக ஓட்டுங்கள், தொடுவானத்தைப் பாருங்கள்" என்றார். வயிறு பழக நாளாகும் என்கிறார்கள். வெறும் வயிற்றோடு வராதே, வயிறு புடைக்கவும் உண்ணாதே என்பதே எல்லாரும் தரும் அறிவுரை.

பிப்ரவரி 16

மேகம் தாழ்ந்திருக்கிறது. பறப்பதற்கு வழியில்லை. ஸ்பின் பற்றிப் படித்தேன்: ஸ்டால் ஆன விமானம் சுழன்றுகொண்டே கீழே விழுவது. 1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் லார்க்ஹில்லில் வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை விமானி ஓர் ஆவ்ரோ விமானத்தில் ஸ்பின்னில் மாட்டினார். மீளும் வழி அப்போது பொதுவாக யாருக்கும் தெரியாது. ஸ்டிக்கை இழுத்தார், பயனில்லை. சுழலும் பக்கமே சுக்கானை மிதித்தார், அதிலும் பயனில்லை. கடைசியில் எதிர்ப்பக்கம் மிதித்தார். தரைக்கு ஏறக்குறைய ஐம்பது அடி இருக்கும்போது விமானம் நிமிர்ந்தது. நாளை மறுநாளோ அதற்கடுத்த நாளோ நான் செய்யப்போகும் அதே அசைவு.

பிப்ரவரி 20

இன்று ஸ்பின்.

ஆறாயிரம் அடி. கீழே யாரும் இல்லை என்று இருபக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டோம். எஞ்சினின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை மூடி, மூக்கை உயர்த்திப் பிடித்தேன். காற்றின் இரைச்சல் அடங்கியது. ஸ்டிக் கையில் தொளதொளத்தது. விமானம் நடுங்கத் தொடங்கியதும் இடது மிதியை அடிவரை அழுத்தி, ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துக்கொண்டேன்.

இடது இறக்கை காலடியில் மடிந்ததுபோல் விழுந்தது. கண்ணாடி முழுக்க வயல்கள்; அவையும் சுற்றின. உயரமானியின் முள் விறுவிறுவென்று இறங்குகிறது. வேகமானியோ ஸ்டால் வேகத்தை ஒட்டி ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. அதுதான் அடையாளம் என்று ஆசிரியர் பிறகு விளக்கினார்: வேகம் ஏறிக்கொண்டே போனால் அது ஸ்பின் அல்ல, சுருள்பாய்ச்சல், அதற்கு மருந்து வேறு.

"மீட்டெடுங்கள்." த்ராட்டில் மூடியிருக்கிறது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்களான எய்லெரான் நடுவில். வலது சுக்கான் முழுவதுமாக. அடுத்து ஸ்டிக்கை முன்னால் தள்ளவேண்டும். தரை நேராக முகத்தை நோக்கி வரும்போது, தரையை நோக்கியே தள்ளவேண்டும். என் கை தள்ளவில்லை. நவம்பரில் செய்ததையே மறுபடியும் செய்தது, இழுத்துப் பிடித்துக்கொண்டது. "கையைத் தளர்த்துங்கள்" என்றார் பின்னாலிருந்து. குரலை உயர்த்தவில்லை. தளர்த்தித் தள்ளினேன். சுழற்சி சட்டென்று நின்றது. சுக்கானை நடுவுக்குக் கொண்டுவந்து மெதுவாக மேலே எடுத்தேன். ஏறக்குறைய ஆயிரம் அடி போயிருந்தது.

ஆறு முறை செய்தோம். நான்காவது முறை கை தானாகவே முன்னால் போனது. இந்த வரிசை பெரும்பாலான பயிற்சி விமானங்களுக்குப் பொருந்தும். ஆனாலும் அந்தந்த விமானத்தின் கையேடு சொல்வதே இறுதி.

இறங்கிய பிறகு வெகுநேரம் இறக்கையின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பயத்தோடு கூடவே செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 27

லூப், அதாவது மேலேறித் தலைகீழாகி மறுபடி இறங்கும் செங்குத்து வட்டம். 1913-ல் கீவ் நகரில் பியோத்தர் நெஸ்தெரோவ் இதை முதன்முதலாகச் செய்தபோது, அரசாங்கச் சொத்தை ஆபத்துக்கு உள்ளாக்கியதாக அவருக்கு முதலில் கிடைத்தது தண்டனைதான். மேலேறும்போது நான்கு ஜி, அதாவது எல்லாமே நான்கு மடங்கு எடை. ஐந்து கிலோ தலை இருபது கிலோவாகக் கழுத்தில் அமர்கிறது. தொடையையும் வயிற்றையும் இறுக்காவிட்டால் பார்வையின் ஓரங்கள் சாம்பல் பூக்கும். உச்சியில் எல்லாம் இலேசாகிவிடுகிறது. அங்கே தலையைப் பின்னால் சாய்த்துத் தொடுவானத்தைத் தேடவேண்டும். முதல் மூன்று லூப்பும் முட்டை வடிவம். நான்காவதின் அடியில் விமானம் "தொப்" என்று ஒருமுறை குலுங்கியது. "உங்கள் விமானம் கலைத்த காற்றையே நீங்கள் திரும்பி வந்து தொட்டீர்கள்" என்றார் ஆசிரியர். வட்டம் மூடியதற்கு அதுவே சாட்சி. கண்ணில் நீர் வந்துவிட்டது.

மார்ச் 6

அம்மாவிடம் பேசினேன். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 என்ற பயணிகள் விமானத்தைப் பற்றிச் சொன்னேன். ஸ்டால் ஆன விமானம் ஏறக்குறைய மூன்றரை நிமிடம் விழுந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தின் பெரும்பகுதியில் கட்டுப்பாட்டுக் கருவி மூக்கை உயர்த்தும் பக்கமே இழுக்கப்பட்டிருந்தது. 228 பேர் இறந்தார்கள். இருட்டு, குழம்பிய அளவீடுகள், மாறி மாறி ஒலித்த எச்சரிக்கைகள் என்று காரணங்கள் பல. அந்த விமானிகளைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் இழுக்கும் கையை எனக்குத் தெரியும். அது என்னிடமும் இருக்கிறது.

"அப்படியென்றால் இனி ஸ்பின் வந்தாலும் பிழைத்துக்கொள்வாய்" என்றாள். இல்லை. அதை மறைக்கக்கூடாது. தரையிறங்கும் கடைசித் திருப்பத்தில், ஐந்நூறு அடியில் ஸ்பின் வந்தால் ஆயிரம் அடியைத் தின்னும் பாடம் யாரையும் காப்பாற்றாது. அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, சுக்கான் மிதியைத் தேவையில்லாமல் அழுத்தும் காலின் தவறை உணர்வதற்குத்தான் பயிற்சி. ஸ்டாலும் ஸ்பின்னும் கவிழ்ந்த நிலையிலிருந்து மீளுவதும் சொல்லித்தரும் முதல் நான்கைந்து மணி நேரம் பறக்கும் எவருக்கும் வேண்டும் என்பேன். அதற்கு மேல் உள்ள லூப்பும் ரோலும் கைக்கு நயம் சேர்க்கும். அவை வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். எனக்கு வேண்டும். பழகாவிட்டால் கை மறந்துவிடும் என்பதால் வருடாவருடம் திரும்ப வரவேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

மார்ச் 13

இன்று என் பழைய விமானத்தில் தனியாகப் பறந்தேன். ஓடுபாதைக்கான கடைசி இடதுபக்கத் திருப்பத்தில் பின்காற்று தள்ளியதால் பாதையைத் தாண்டிவிட்டேன். சாய்வைக் கூட்ட மனம் வரவில்லை. அப்போது என் இடது கால் மிதியை மெல்ல அழுத்தத் தொடங்கியது, மூக்கை மட்டும் திருப்பிவிடலாம் என்பதுபோல. கூடவே வலது கை எதிர்ப்பக்கம் சாய்க்கப் பார்த்தது. உட்கார்ந்த இடத்தில் உடம்பு ஒருபக்கமாக வழுக்குவதை உணர்ந்தேன். பிப்ரவரி 20 அன்று இடது இறக்கை விழுந்ததே, அதற்கு முந்தைய கணம் இப்படித்தான் இருந்தது. காலை எடுத்தேன். இறக்கைகளைச் சமன் செய்து, த்ராட்டிலை முழுவதும் திறந்து, மேலேறி இன்னொரு சுற்று வந்து இறங்கினேன்.

ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "கால் போனதா?" என்று கேட்டார்.

"போகப் பார்த்தது."

"எப்போது தெரிந்தது?"

"எச்சரிக்கை ஒலிப்பதற்கு முன்பே."

சற்றுநேரம் பேசாமலிருந்தார். பிறகு வெள்ளிக்கிழமை காலை மெதுவான ரோல் தொடங்கலாம், ஏழு மணிக்கு வந்துவிடுங்கள் என்றார்.