ஹெலிகாப்டர் ஓட்டும் அன்னா நிக்கோல்

மார்ச் 8, சனி

ராத்திரி தம்பியோடு உட்கார்ந்து ‘ஸ்கைஸ்க்ரேப்பர்’ பார்த்தேன். 1996-இல் தியேட்டர் பக்கமே போகாமல் நேராக வீடியோ கடைகளுக்கு வந்த அமெரிக்கப் படம். ஓர் உயரமான கட்டடத்தைக் கொள்ளைக்கூட்டம் வளைத்துக்கொள்கிறது. உள்ளே மாட்டிய ஹெலிகாப்டர் பைலட் ஒருத்தி அத்தனை பேரையும் ஒரு கை பார்க்கிறாள். 1988-இல் வந்த ‘டை ஹார்ட்’ கதையேதான். அந்தப் பைலட்டாக வருபவர் நடிகை அன்னா நிக்கோல் ஸ்மித்.

படம் மொக்கைதான், அதில் சந்தேகமே இல்லை. வசனத்தை ஒப்பிக்கிறார். ஆள் செத்து விழும்போதும் காபி கேட்கும்போதும் அதே குரல். உயிர்போகிற நேரத்தில் புருஷன் நினைவு வந்து ஒரு பிளாஷ்பேக் வேறு. ஆனால் ஒரு நிமிஷம்கூட அலுக்கவில்லை. “அக்கா, நிறுத்தாதே, தண்ணி அப்புறம் குடிக்கலாம்” என்றான் தம்பி. நல்ல படம் என்று பெயர் வாங்கிய எத்தனையோ படங்களுக்கு நடுவே அவன் போனை நோண்டுவான்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து வில்லன் நினைவாகவே இருக்கிறது. துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஷேக்ஸ்பியர் வரிகளைச் சொல்கிற மனுஷன். நடித்தவர் சார்லஸ் ஹூபர், ஜெர்மானியர். அங்கே ‘டெர் ஆல்டே’ என்ற டிவி தொடரில் பல வருஷம் போலீஸ்காரராக வந்தவர். 2013-இல் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனார். இந்தப் படத்தில் அவர் ஒரு வசனத்தைக்கூட ஏனோதானோவென்று பேசவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

மார்ச் 12, புதன்

தயாரித்தது பிஎம் என்டர்டெயின்மென்ட். ரிச்சர்ட் பெப்பின், ஜோசப் மெர்ஹி இருவரும் லாஸ் ஏஞ்சலஸில் நடத்திய நிறுவனம். பெயரில் இருக்கும் எழுத்துகளும் அவர்களுடையவைதான். தொண்ணூறுகளில் வீடியோ கடைகளை நம்பியே வருஷத்துக்குப் பல படங்கள் எடுத்தார்கள். பெரிய நடிகருக்குக் கொடுக்கக் காசு கிடையாது. இருந்த காசைக் கார் கவிழ்ப்பதிலும் வெடி வைப்பதிலும் போட்டார்கள். கம்ப்யூட்டரில் தீயை வரைகிற வசதி அவர்களுக்கு இல்லை, ஆகவே எரிவது நிஜமாகவே எரிகிறது. தீப்பிழம்புக்கு முன்னால் யாரோ ஒரு ஸ்டண்ட்காரர் உடம்பைச் சுருட்டிக்கொண்டு பாய்கிறார். முகம் தெரிவதில்லை. அவருக்காகவே அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கதை எழுதியவர் தூங்கியிருக்கலாம், வெடி வைத்தவர் தூங்கவில்லை.

மார்ச் 15, சனி

இன்று மறுபடியும் பார்த்தேன், இந்த முறை அன்னா நிக்கோலை மட்டும்.

டெக்ஸாஸில் மெஹேயா என்ற சின்ன ஊரில் கோழி வறுக்கும் கடையில் வேலை பார்த்த பெண். 1993-இல் ‘பிளேபாய்’ பத்திரிகையின் அந்த ஆண்டுக்கான அழகி. 1994-இல் 89 வயது எண்ணெய்க் கோடீஸ்வரர் ஹோவர்ட் மார்ஷலைக் கல்யாணம் செய்தபோது வயது 26. அடுத்த ஆண்டே அவர் போய்விட, சொத்துச் சண்டை தொடங்கியது. அது 2006-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கிசுகிசுப் பத்திரிகைகள் அன்னா நிக்கோலை ஒரு நாளும் சும்மா விடவில்லை. 2007 பிப்ரவரியில், 39 வயதில் இறந்துபோனார்.

அந்தப் பத்திரிகைகளுக்கு அவர் ஒரு உடம்பு, ஒரு உயில், அவ்வளவுதான். இந்தப் படமும் அவர் உடம்பைக் காட்டித்தான் கடையில் விற்றது, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் இங்கே அவர் ஹெலிகாப்டர் ஓட்டுகிறார், துப்பாக்கி எடுக்கிறார், போலீஸ்கார புருஷன் வந்து காப்பாற்றட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் தானே சண்டைக்குப் போகிறார். நடிக்கத் தெரியவில்லை, சரி. கேமரா முன்னால் கூச்சமில்லாமல் நிற்கத் தெரிந்திருக்கிறது. அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ‘டு தி லிமிட்’. 1995, இதே நாயகி, இதே நிறுவனம், இதே இயக்குநர் ரேமண்ட் மார்ட்டினோ. தம்பி தன் சிநேகிதர்களையும் கூட்டிவருகிறானாம். முறுக்கு நான் வாங்கிவைக்க வேண்டும்.