கல்லடியில் ஒரு வாடகை வீடு

மட்டக்களப்புக் கரையில் சில வாரம் தங்கப் போகிறோம் என்றதும் எல்லோரும் பாசிக்குடாவைத்தான் சொன்னார்கள். அங்கே ஆழமில்லாத கடலில் வெகுதூரம் நடக்கலாம், பிள்ளைகளைப் பயமில்லாமல் இறக்கலாம். உண்மைதான். ஆனால் கரையோரம் பெரும்பாலும் ஹோட்டல்கள். எங்களுக்கு வேண்டியது ஒரு குசினியும், கிணற்றடியும், மீன் வாங்கிச் சமைக்கிற காலைகளும். அதற்குக் கல்லடிதான் சரி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல் நிலம். பாலத்தைத் தாண்டினால் டவுன்.

கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு ஒழுங்கையில் மேல்மாடி அனெக்ஸ் கிடைத்தது. கீழே வீட்டுக்கார அம்மா. வாடகை பேசுவதற்கு முன்பே கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "முதல்ல தண்ணியக் குடிச்சுப் பாருங்க மனே, பிறகு வீட்டைப் பாக்கலாம்" என்றார். நல்ல தண்ணீர்.

அவர் ஏன் அங்கிருந்து தொடங்கினார் என்பது இருக்க இருக்கத்தான் விளங்கியது. இந்த மணலில் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாகத் தங்கி நிற்கிறது. கிணற்றில் ஊறுவது அதுதான். மோட்டாரைப் போட்டு அளவுக்கு மீறி இழுத்தால் கீழே கிடக்கும் உப்பு மேலே ஏறிவிடும். 2004 சுனாமியில் இந்தக் கரையோரக் கிணறுகளுக்குள் கடல் புகுந்தது. சுத்தம் செய்யலாம் என்று இறைக்க இறைக்க, அடியிலிருந்து உப்புத்தான் ஏறி வந்தது. பிறகு பெய்த மாரி மழைதான் மெல்ல மெல்லக் கழுவியது. அந்த அம்மா இன்றைக்கும் காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்றுதான் மோட்டார் போடுகிறார். நாங்களும் அதற்கேற்ப வாளியில் அள்ளிக் குளித்தோம். தண்ணீரை இப்படி மதிக்கிற வீட்டில் இருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்புறம் காற்று. நாங்கள் போனது ஆடியில். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்று, மதியத்தில் மேற்கிலிருந்து அனலாக அடிக்கும். அந்தப் பக்க ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கடல் பக்க அறையில் படுப்போம். பின்னேரம் கடற்காற்று வந்தால்தான் உடம்பு ஆறும். அதே அறை மார்கழியில் ஈரமாகிவிடுமாம். வாடைக்காற்று மழையை நேரே ஜன்னலுக்குள் அடிக்கும். ஆகவே எந்த மாதம் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொண்டு வீடு பாருங்கள். கடல் தெரிகிற ஜன்னல் எல்லா மாதத்துக்கும் நல்லதல்ல.

சமையலுக்குக் குறையே இல்லை. கரைக்குப் போனால் சூடை, கீரி, சில நாள் பாரை. புட்டும் மீன் சொதியும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, சட்டியில் வாங்கிய எருமைத் தயிரோடு முடித்தால் மதியம் நித்திரைதான். பொழுதுபட வாவிப் பக்கம் நடப்போம். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம், புதிய பாலத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. இந்த வாவியில் கேட்கும் என்று சொல்கிற பாடும் மீனின் ஓசை மட்டும் எங்களுக்குக் கேட்கவில்லை.

முன்பணம் கொடுக்கும்போது கரண்ட் பில்லைப் பற்றித் தெளிவாகப் பேசிவிடுங்கள். சமையல் கேஸ் யார் வாங்கிப் போடுவது, நுளம்பு வலை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கார அம்மா மீட்டர் இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி, என்னையும் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். புறப்படும் நாளில் இரண்டு பேருமாகக் கழித்துப் பார்த்தோம். ஒரு கரைச்சலும் இல்லை.