மைனஸ் 189 வரை இறங்கும் கேலிப்ரேஷனும் சென்னை ஈரப்பதமும்

மின்தடையை வைத்து வெப்பநிலை சொல்லும் பிளாட்டினம் தெர்மாமீட்டரை மைனஸ் 189 டிகிரி வரை கேலிப்ரேட் செய்ய ஐடிஎஸ்-90 (1990-ஆம் ஆண்டின் சர்வதேச வெப்பநிலை அளவுகோல்) கேட்பது மூன்றே மும்மைப்புள்ளிகள், அதாவது திடம், திரவம், வாயு மூன்றும் சேர்ந்திருக்கும் வெப்பநிலைகள்: நீர் 0.01 டிகிரி, பாதரசம் மைனஸ் 38.8344, ஆர்கான் மைனஸ் 189.3442. ஒவ்வொரு அளவீட்டையும் நீர்ப்புள்ளி மின்தடையால் வகுத்துத்தான் எழுதுகிறோம். அதனால் நீரில் 1 மில்லிகெல்வின் (டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தவறினால் பாதரசத்தில் 0.8, ஆர்கானில் 0.2 மில்லிகெல்வின் தவறு தானாக வந்து சேரும். 25.5 ஓம் சென்சரில் 1 மில்லிகெல்வின் என்பது வெறும் 0.1 மில்லிஓம்.

நீர் செல் (மும்மைப்புள்ளிக்காகத் தூய நீரை அடைத்த கண்ணாடிக் கலம், நடுவில் தெர்மாமீட்டர் இறங்கும் கிணறு) இல்லாதவர்கள் ஐஸ் பாயிண்ட்டை, அதாவது ஐஸும் தண்ணீரும் கலந்த 0 டிகிரியை, நம்புகிறார்கள். நம்பலாம், ஐஸும் தண்ணீரும் காய்ச்சி வடித்த நீரிலிருந்து வந்தால். காசிமேட்டு மீன் ஐஸ், போர் தண்ணீர் இதெல்லாம் வேண்டாம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பிருந்தாலே உறைநிலை சுமார் 30 மில்லிகெல்வின் இறங்கிவிடும்.

செல் இருந்தால் முதல் வேலை, கிணற்றை நன்றாகத் துடைத்து உலர்த்துவது. அடியில் கொஞ்சம் ஆல்கஹால் விட்டு, பொடித்த ட்ரை ஐஸை நிரப்பி, குறையக் குறையச் சேர்க்க வேண்டும். இங்கேதான் நம் ஊர்க் காற்று விளையாடும். திறந்த ட்ரை ஐஸ் டப்பாவில் நிமிடங்களில் வெண்பனி படியும். அந்தப் பனி கிணற்றில் விழுந்தால் பாதி வழியில் அடைத்துக்கொள்ளும். வேண்டிய அளவு மட்டும் எடுத்து உடனே மூடுங்கள். செல்லுக்குள் நீர்மட்டத்தில் பனி சுவருக்குச் சுவர் பாலம் கட்டினால் கண்ணாடி விரிசல் விடும். கண் எடுக்காமல் பாருங்கள். கிணற்றைச் சுற்றி உறையும் பனி உறை போதிய தடிமன் வந்ததும் குளிர்ந்த நீரால் கிணற்றை நிரப்பி, அறை வெப்பநிலையிலுள்ள கம்பியைச் சில வினாடி நுழைத்து எடுங்கள். செல்லைச் சற்றுத் திருப்பினால் பனி உறை தனியாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் உள் உருகல் (கிணற்றை ஒட்டிய பனி உருகுவது) நடக்கவில்லை, அந்த அளவீடு செல்லாது. புதிதாக உறைந்த பனியில் இறுக்கம் இருப்பதால் முதல் சில நாட்கள் அளவு சற்றுக் குறைவாகவே காட்டும். ஒரு வாரம் விடுவது நல்லது. மேலே கறுப்புத் துணி போட்டால் விளக்கொளி தெர்மாமீட்டரின் குவார்ட்ஸ் உறை வழியே இறங்காது.

பாதரச செல்லில் தலைவலி அதிகுளிர்ச்சி. உறையாமலே பல டிகிரி கீழே போய்விடும். திரவ நைட்ரஜனில் தோய்த்த கம்பியைக் கிணற்றில் விட்டு எடுத்தால் உறைதல் தொடங்கும். பிறகு குளியலை உருகுநிலைக்கு ஒரு டிகிரி மேலே வைத்து மெதுவாக உருக்கினால் வெப்பநிலை மாறாத சமதளம் மணிக்கணக்கில் நிற்கும். ஆழத் திருத்தத்தை (மேலுள்ள திரவத்தின் அழுத்தத்தால் வரும் மாற்றம்) மறக்கக் கூடாது: பாதரசத்தில் மீட்டருக்கு 7.1 மில்லிகெல்வின், எனவே 15 சென்டிமீட்டருக்கு 1.07 கூட்ட வேண்டும். நீரில் அது மீட்டருக்கு 0.73தான், அதுவும் கழித்தல் பக்கம். கிணற்று ஆல்கஹால் ஈரம் குடிக்கும். மாற்றிக்கொண்டே இருங்கள், வாய்ப்பகுதியில் உலர் நைட்ரஜனை மெல்ல ஓட விடுங்கள்.

ஆர்கானுக்கு நைட்ரஜன் கொதிநிலையான 77.36 கெல்வின் (மைனஸ் 195.79 டிகிரி) போதாது, 6.45 கெல்வின் மேலே வேண்டும். மூடிய பாத்திரத்தில் நைட்ரஜனைச் சுமார் 2 பார் தனி அழுத்தத்தில் வைத்தால் 84 கெல்வினை ஒட்டி நிற்கும். கிணற்றில் ஹீலியம் ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் உறைந்து தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் உறை உடையும். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். ஏசிக்காக அடைத்த அறையில் ஆக்ஸிஜன் அலாரம் கட்டாயம்.

ஒவ்வொரு புள்ளியிலும் 1 மில்லிஆம்பியர், 1.414 மில்லிஆம்பியர் இரண்டிலும் எடுத்து, தன்வெப்பத்தை (அளக்கும் மின்னோட்டத்தாலேயே சென்சர் சூடாவது) பூஜ்ஜிய மின்னோட்டத்துக்கு நீட்டிக் கழியுங்கள். கடைசியில் நீர்ப்புள்ளிக்குத் திரும்பிப் பார்க்கும்போது அளவு குறைந்திருந்தால், பிளாட்டினத்தைச் சந்தேகிக்கும் முன் தெர்மாமீட்டரின் தலைப்பகுதியைப் பாருங்கள். முத்திரை கசிந்து ஈரம் புகுந்து, கம்பிகளுக்கிடையே 10 மெகாஓம் கசிவு ஏற்பட்டாலே 0.6 மில்லிகெல்வினுக்கு மேல் குறைத்துக் காட்டும். மழைக்காலத்தில் குளிர்ந்த தெர்மாமீட்டரை வெளியே எடுத்ததும் தலையில் வியர்ப்பது கண்ணுக்கே தெரியும். நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி எடுங்கள். அப்போது பழைய அளவு திரும்பினால் கசிவுதான். முத்திரையைச் சரிசெய்யாமல் சான்றிதழ் எழுத வேண்டாம்.