சித்தப்பாவோட பழைய யூனிட்டும் நான் வாங்கிட்டுப் போன புதுசும்

எங்க சித்தப்பா உசிலம்பட்டி பக்கம் மைக்செட் வச்சிருந்தவரு. காதுகுத்து, சடங்கு, எளவு, எதுக்கா இருந்தாலும் அவரு குழாய்தான் வேப்பமரத்துல தொங்கும். இப்ப கடை இல்ல, ஆனா கடை ஆரம்பிச்சப்ப வாங்குன ஒரு யூனிட்ட மட்டும் சாக்குல சுத்தி பரண்ல வச்சிருக்காரு. "இப்ப வர்றதெல்லாம் டப்பாடா, இது ஒண்ணு அலறுனா மூணு ஊருக்குக் கேக்கும்"னு நான் காலேஜ் படிச்சப்பலருந்து கேட்டுட்டு வர்றேன். இந்தப் பொங்கலுக்கு மதுரையில ஒரு புது யூனிட் வாங்கிட்டே போயிட்டேன், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துரலாம்னு.

யூனிட்னா குழாய்க்குப் பின்னாடி திருகி மாட்டுற குண்டு. சத்தம் பொறக்குறது அதுக்குள்ளதான், குழாய் சும்மா அதை வாங்கி காத்துல தள்ளிவிடுது.

ரெண்டையும் திண்ணையில பக்கத்துல பக்கத்துல வச்சா ஆளே வேற. பழசு உசரமா செம்பு மாதிரி இருக்கு, புதுசு தட்டையா பணியாரம் மாதிரி. உள்ள இருக்குற காந்தம்தான் காரணம். பழசுல அல்னிகோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது, அதை நீளமா வார்த்தாதான் காந்தம் நிக்கும். புதுசுல ஃபெரைட், அதாவது இரும்பு ஆக்சைடுல சுட்டெடுத்த, கோபால்ட் இல்லாத காந்தம், அதுக்கு நீளம் வேணாம், அகலம் வேணும். 1978-ல ஜைர்ல (இப்ப காங்கோ) கோபால்ட் வெட்டுற ஷாபா பக்கம் சண்டை வந்து கோபால்ட் விலை எகிறிப்போச்சு, ஸ்பீக்கர் செய்றவங்கள்ல நெறைய பேரு ஃபெரைட்டுக்கு மாறுனது அதுக்கப்புறம்தான். ஃபெரைட் நல்லா இருக்குன்னு மாறல, கட்டுபடியாகலன்னு மாறுனாங்க. அதுக்காக ஃபெரைட் மட்டம்னும் அர்த்தம் இல்ல.

பழச கழட்டிப் பாத்தேன். டயாபிரம், அதாவது அதிர்ந்து சத்தம் போடுற சவ்வு, காப்பிக்கலர்ல மொடமொடன்னு ரெசின்ல ஊறின துணி. காந்தத்துக்கு நடுவுல காயில் (டயாபிரத்துல ஒட்டியிருக்குற கம்பிச்சுருள்) ஓடுற சந்து இருக்கே, அதுல இரும்புத்தூளு மீசை மாதிரி ஒட்டியிருந்துச்சு. ஊதினா வராது, துணியால தொடச்சா இன்னும் உள்ள போகும். சித்தப்பா ஒரு வார்த்தை பேசாம பேப்பர் டேப்ப மடிச்சு பசை வெளிய இருக்குற மாதிரி அந்த சந்துக்குள்ள விட்டு சுத்தி எடுத்தாரு, கறுப்பா வந்துச்சு. ஏழெட்டு தடவ. அப்புறம் டயாபிரத்த வச்சு ஸ்க்ரூவ பாதி முறுக்கி, சன்னமா சத்தம் விட்டு காத வச்சு கேட்டுக்கிட்டே, கர்ருன்னு உரசுற பக்கம் லேசா நகத்தி நகத்தி முறுக்குனாரு. எழுபத்திரெண்டு வயசு, கை நடுங்கல.

சரி, டெஸ்ட். ஒரே குழாய், ஒரே ஆம்ப்ளிஃபயர், வால்யூம் தொடல, போன்ல டெசிபல் ஆப். மூணு மீட்டர் தள்ளி புதுசு 2 டெசிபல் கூட காட்டுச்சு. எனக்கு ஒரே குஷி. சித்தப்பா மொகம் சுண்டிப்போச்சு. அப்பதான் எனக்கே உறைச்சது, பழசு 16 ஓம், புதுசு 8 ஓம் (ஓம்ங்கிறது கரண்ட்ட தடுக்குற அளவு, ஆம்ப்ளிஃபயர்ல ஒவ்வொரு ஓமுக்கும் தனித்தனி டெர்மினல் இருக்கும்), நான் ரெண்டையும் ஒரே டெர்மினல்ல மாட்டியிருக்கேன். அதே வோல்டேஜ்ல 8 ஓம் ரெண்டு மடங்கு வாட்ஸ் இழுக்கும், 3 டெசிபல் அதுலயே போச்சு. கள்ளாட்டம் ஆடியிருக்கேன், தெரியாமத்தான். பழச 16 ஓம் டெர்மினலுக்கு மாத்துனா இப்ப அது 1 டெசிபல் கூட. ஒரு டெசிபல்ங்கிறது போன சாச்சுப் புடிச்சா வர்ற வித்தியாசம், ரெண்டும் சமம்னு வச்சுக்கங்க.

ஆனா காதுக்கு சமமா இல்ல. பழசு மூஞ்சில அறையுது. நம்ம காது ரெண்டாயிரத்துலருந்து நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ரொம்ப கூர்மை, பழசு மொத்த தெம்பையும் அங்கயே கொட்டுது, பேச்சுல ஒரு எழுத்து விடாம புரியுது. புதுசுல நாதஸ்வரம் போட்டா கூட வர்ற தாளம் ஜிங்குன்னு தெளிவா கேக்குது, பழசுல அது இருக்குற இடமே தெரியல. வாட்ஸும் புதுசு கூட தாங்கும், முக்கா மணி நேரம் ஓடுனதுக்கப்புறம் பழசு கொஞ்சம் அடங்குன மாதிரி இருந்துச்சு. காயில் சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும், 100 டிகிரி ஏறுனா காப்பர் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூட காட்டும், அந்தளவு பவர் உள்ள போகாது. மைக்செட்காரங்க "யூனிட் களைச்சுப்போச்சு"ன்னு சொல்றது இதத்தான்.

கடைசியா சித்தப்பாவ கண்மாய்க்கரைக்கு அனுப்பிட்டேன், முக்கா கிலோமீட்டர் இருக்கும். நான் இங்கருந்து மாத்தி மாத்தி "ஒன் டூ த்ரீ மைக் டெஸ்டிங்" சொல்ல, அவரு போன்ல எது பழசுன்னு சொல்லணும். அவ்வளவு தூரம் போனா மேல் சுருதி எல்லாத்தையும் காத்தே தின்னுரும், ரெண்டு யூனிட்லயும் போய்ச் சேர்றது ஏறக்குறைய ஒண்ணுதான். ஆறு தடவ போட்டேன், மூணு சரி, மூணு தப்பு. புதுச ரெண்டு தடவ "இந்தா, இதுதான்டா என் யூனிட்டு"ன்னு அடிச்சு சொன்னாரு.

திரும்பி வந்ததும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "காத்து அந்தப் பக்கம் அடிச்சுச்சுடா"ன்னுட்டு யூனிட்ட சாக்குல சுத்த ஆரம்பிச்சுட்டாரு.